தொண்டையில் இரண்டு வாட்ச்மேன்கள்!

'தொண்டையில சதை வளர்ந்திருக்கு' என்று யாராவது சொன்னால் ஆடிப் போய்விடாதீர்கள். அந்தச் சதை எல்லோருக்கும் உண்டு. பெயர் டான்சில். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்து, உள்ளே நுழையும் கிருமிகளை மடக்குவது அதன் உத்தியோகம். சில சமயம் வாட்ச்மேனுக்கே அடி விழுந்து வீங்கிவிடும். அதுதான் டான்சிலைட்டிஸ்!

ஐஸ்க்ரீம் மேல் பழி போடுவது நம் வழக்கம். பாவம், அது நிரபராதி. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம்; ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதம். ஆன்டிபயாடிக் வேண்டியதே இல்லை.

நிஜ வில்லன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற பாக்டீரியா. 5 முதல் 15 வயசுப் பிள்ளைகளிடம் அதிகம். திடீர்க் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி... ஆனால் பெரும்பாலும் இருமல் இருக்காது. அலட்சியமாக விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். மூட்டு வீங்கும், அது சரியாகிவிடும். இதய வால்வு கெட்டுப்போனால் ஆயுசுக்கும் அவஸ்தை.

கல்வராயன் மலையில் தேனுக்குப் பஞ்சமில்லை. தேனில் சுண்ணாம்பு குழைத்துத் தொண்டைக்கு மேல் பற்றுப் போடுவது நம் ஊர்ப் பாட்டி வைத்தியம். உள்ளே இருக்கிற கிருமி அதற்கெல்லாம் அசையாது. மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் வெள்ளிமலைப் பக்கத்து அப்பா ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால் அன்றையக் கூலி போச்சே! மூணாம் நாள் வலி போனதும், 'இனிமே எதுக்கு மாத்திரை?' என்று நிறுத்தத்தான் தோன்றும். நிறுத்தக் கூடாது. பெனிசிலினுக்கு 10 நாள் கணக்கு. வலி போவது வேறு, கிருமி போவது வேறு.

'ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?'

1934-ல் நியூயார்க்கில் ஒரு கூத்து. 1,000 பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் காலி! மிச்சம் 389 பேரை டாக்டர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்கணும் என்றார்கள். தப்பித்த 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினால், அவர்கள் 99 பேருக்குக் கத்தியைத் தீட்டினார்கள்! இன்றைக்கு அப்படி இல்லை. ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருஷம் மும்மூன்று தடவை வந்தால்தான் ஆபரேஷன் பேச்சு. வீக்கத்தால் தூக்கத்தில் மூச்சு முட்டுகிற பிள்ளைகள் விஷயம் தனி.

ஆபீஸ் போகும் இளவட்டங்களே, ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, வாயைத் திறக்க முடியவில்லை, சூடான இட்லியை வாயில் அதக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி குரல்... என்றால் டான்சில் பக்கத்தில் சீழ் கோத்திருக்கலாம். லீவ் லெட்டரை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஆஸ்பத்திரி!