சரிந்து விழும் படமும் அதற்குள் ஒளிந்திருக்கும் முகவரியும்

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி ஏறி இறங்கிய அலுவலகங்களின் கடிதக் கட்டை மடியில் வைத்திருந்த ஒரு தாயை, அண்மையில் அவரது வீட்டில் படம் எடுத்தேன். "முகமும் வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம் பிள்ளை. பிறகு வந்து விசாரிப்பினம்" என்றார். கைகளும் கடிதங்களும் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டினேன். கைத்தொலைபேசிப் படத்தில் ஜிபிஎஸ் ஆள்கூறுகள் பதிந்திருக்கும் என்பதால், மீதரவு முழுவதையும் அழிக்கும் செயலி ஒன்றில் போட்டு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "படம் சரிஞ்சு கிடக்கு. ஒறிஜினலை டொக்கியுமென்ட்டா அனுப்புங்கோ."

அனுப்பியிருந்தால் அந்தத் தாயின் வீடும் கூடவே போயிருக்கும். படம் ஏன் சரிந்தது?

கமெராவின் உணரி எப்போதும் ஒரே திசையில்தான் புள்ளிகளை வாசிக்கிறது. கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பெரும்பாலும் கோப்பில் படம் படுக்கையாகவே சேமிக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான புள்ளிகளை இடம் மாற்றி எழுதுவதைவிட, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று ஓர் இலக்கத்தைக் குறித்துவைப்பது கமெராவுக்குச் சுலபம். அந்தக் குறிப்பு இருக்கும் இடம்தான் எக்சிஃப். 1995 இல் ஜப்பானில் உருவான நியமம் இது. திகதி, நேரம், கமெராவின் வகை, ஆள்கூறுகள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன.

திசைக்கான இலக்கம் 1 முதல் 8 வரை இருக்கும். 1 என்றால் உள்ளபடியே காட்டு. 3 என்றால் தலைகீழாகத் திருப்பு. 6 என்றால் வலஞ்சுழியாக 90 பாகை, 8 என்றால் இடஞ்சுழியாக 90 பாகை திருப்பு. மீதி நான்கும் கண்ணாடி விம்பம் போல இடம்வலம் மாறியவை. புவியீர்ப்பை உணரும் கருவியைக் கொண்டே கைத்தொலைபேசி திசையை அறிகிறது. மேசையில் வைத்த அடையாள அட்டையை மேலிருந்து நேர்கீழாக எடுக்கும்போது, எது மேல் எது கீழ் என்று அதற்குத் தெரிவதில்லை. அப்படி எடுத்த படங்கள் அடிக்கடி சரிந்து வருவது இதனால்தான்.

எல்லா மென்பொருளும் இந்த இலக்கத்தைப் பார்ப்பதில்லை. குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளே இணையப் பக்கங்களில் உள்ள படங்களை இதன்படி தாமாகத் திருப்பத் தொடங்கியது 2020 இல்தான். சில மென்பொருட்கள் புள்ளிகளையே திருப்பிவிட்டு, இலக்கத்தை 6 ஆகவே விட்டுவிடும். அடுத்த மென்பொருள் அதை நம்பி இன்னொரு முறை திருப்பும்.

என் படத்துக்கு நடந்ததும் இப்போது விளங்கும். முகவரியை அழிக்கப் போய், திசைக் குறிப்பையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

ஆள்கூறுகளின் ஆபத்து கற்பனை அல்ல. 2012 டிசெம்பரில், பெலீஸ் பொலிஸார் விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்த ஜோன் மெக்கஃபியின் படத்தை வைஸ் சஞ்சிகை இணையத்தில் வெளியிட்டது. அவர் குவாத்தமாலாவில் இருப்பதை அந்தப் படத்தின் மீதரவு காட்டிக்கொடுத்தது. சில நாட்களில் கைதானார். இன்னொரு பொறியும் உண்டு. எக்சிஃபுக்குள் படத்தின் சிறு பிரதி ஒன்றும் இருக்கலாம். சில மென்பொருட்கள், படத்தை வெட்டிய பிறகும் அந்தப் பிரதியை மாற்றுவதில்லை. வெட்டிய முகம் அங்கே அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவதுதான். முதலில் புள்ளிகளையே நிமிர்த்திச் சேமிக்க வேண்டும். பிறகே மீதரவை அழிக்க வேண்டும். இமேஜ்மஜிக் பாவிப்போர் 'ஓட்டோ ஓரியன்ட்' கட்டளையை முதலிலும் 'ஸ்ட்ரிப்' கட்டளையை அடுத்தும் கொடுத்தால் போதும். அவசரத்துக்கு, திரையில் நிமிர்ந்து தெரியும் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுக்கலாம். தரம் குறையும், ஆனால் பழைய எக்சிஃப் அதில் வராது. வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் ஆள்கூறுகள் நீங்கிவிடும். டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

மூலப்படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். எப்போது, எங்கே எடுத்தது என்பதற்கு நாளை அதுவே சான்றாகத் தேவைப்படலாம். அந்தத் தாயின் மூலப்படம் கடவுச்சொல் இட்ட வன்தட்டு ஒன்றில் என்னிடம் இருக்கிறது. ஆசிரியபீடத்துக்குப் போனது நிமிர்த்திய பிரதி மட்டும்தான்.