வந்து போகும் பழுது

அடியோடு கெட்ட விளக்கைச் சீர்செய்வது எளிது. எரிவதும் அணைவதுமாக இருப்பதுதான் ஆளைச் சோதிக்கும். பழைய லாரிகளில் இது மிகுதி. மேடு பள்ளத்தில் பியூஸ் போகும். நிறுத்திப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காயிருக்கும். பொறுமையிழந்த சிலர் பியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் செருகிவிடுகின்றனர். அடுத்த முறை எரிவது ஒயரின் மேலுறை; லாரியே தீப்பற்றலாம்.

நான் செய்வது வேறு. பியூஸை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கு நடுவே 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைப்பேன். (24 வோல்ட் வண்டியானால் அதற்குரிய பல்பு.) அந்த வழியிலுள்ள மற்றப் பல்புகளைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் இது எரியக் கூடாது. ஒயர் சேஸிஸைத் தொட்ட கணமே பளிச்சென எரியும். ஆயினும் சுமார் நாலரை ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடாது. ஆகவே அவசரமின்றித் தேடலாம்.

பிறகு ஒயர்க் கட்டை முன்னிருந்து பின்னாகச் சாண் சாணாக அசைக்க வேண்டும். பல்பைக் கவனிக்க ஒரு நண்பர் தேவை, பட்டம் தேவையில்லை! ஒயர் சேஸிஸின் துளையில் நுழையுமிடத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். அங்குள்ள ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருக்கும். தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டிருக்கும். சைலன்சருக்கு அருகில் செல்லும் பகுதி அடுத்தது.

பியூஸ் போகாமல், பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறதா? அது பெரும்பாலும் எர்த் கோளாறு. ஓம்மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை இழை ஒட்டியிருந்தாலும் அது சரியென்றே காட்டும். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த்துக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்க வேண்டியதுதான்.