நீலத் திரைக்கு முன்னால்

தூரத்திலிருந்து ஒரு நொடியில் வந்த கோளாறு. அதை நீக்க ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார். 2024 ஜூலை முடக்கத்தின் பாடம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. முற்பகலில் இந்திய விமான நிலையங்களின் செக்-இன் கவுண்டர்கள் திணறத் தொடங்கின. பிரின்டர்கள் ஓய்ந்தன, பேனாக்கள் வெளியே வந்தன. பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாம் கையால் நிரப்பப்பட்ட போர்டிங் பாஸ்கள் பயணிகளிடம் நீட்டப்பட்டன. டெல்லி, மும்பை, பெங்களூர், ஹைதராபாத் எங்கும் நீண்ட வரிசைகள். இண்டிகோ நிறுவனம் மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது.

அன்று ஆஸ்திரேலியா முதல் அமெரிக்கா வரை ஆஸ்பத்திரிகள், வங்கிகள், டிவி நிலையங்களில் கம்ப்யூட்டர் திரைகள் நீலமாக மாறின. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே நீலம். மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். உலகில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உலகம் இயங்குவதற்குத் தேவையான பல இடங்களில் இருந்தவை அந்தக் கம்ப்யூட்டர்கள்தான்.

விண்டோஸையே பலரும் சந்தேகித்தார்கள். சிலர் வைரஸ் தாக்குதல் என்றார்கள். உண்மையில் வேலிதான் பயிரை மேய்ந்திருந்தது. அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம், தனது 'ஃபால்கன்' என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்குச் சிறிய ஃபைல் ஒன்றை அனுப்பியது. 21-வது விவரம் ஒன்றைச் சரிபார்க்கும்படி அந்த ஃபைல் சொன்னது. சாஃப்ட்வேரிடம் இருந்ததோ 20 விவரங்கள்தான். இல்லாததைத் தேடி நினைவகத்தில் தனக்குச் சம்பந்தமில்லாத பகுதியில் அது கைவைத்தது. கம்ப்யூட்டர் நின்றது.

சாதாரண புரோகிராம் கெட்டுப்போனால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஃபால்கன் அப்படியல்ல. வைரஸ் நுழையும் முன்பே காவலுக்கு நிற்க வேண்டும் என்பதால் விண்டோஸின் உட்கருவில் அதற்கு இடம் தரப்பட்டிருந்தது. அங்கே தவறு நேர்ந்தால், மேலும் சேதம் வராமல் தடுக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டால் ஃபால்கனும் ஆரம்பத்திலேயே எழுந்துவிடும். அதே ஃபைலைப் படிக்கும், மறுபடியும் நீலத் திரை.

தவறான ஃபைலை 78 நிமிடங்களில், அதாவது காலை 10.57 மணிக்கு, நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. இது சைபர் தாக்குதல் அல்ல, சரியான ஃபைல் தயார் என்று அதன் தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ் அறிவித்தார். அதனால் என்ன பயன்? சரியான ஃபைலை வாங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டர் முதலில் எழுந்து இன்டர்நெட்டைத் தொட வேண்டும். அதற்குள் விழுந்துவிடும் கம்ப்யூட்டருக்கு மருந்து அனுப்ப வழியில்லை. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், 15 முறைகூட ஆகலாம் என்பதும் அப்போது தரப்பட்ட ஆலோசனைகளில் ஒன்று. விழுவதற்கு முன் சில நொடிகள் கிடைத்தால் புதிய ஃபைல் வந்து சேரலாம் என்ற நம்பிக்கைதான்.

மற்றபடி மனிதக் கைதான் வழி. கம்ப்யூட்டர் முன் ஒருவர் உட்கார்ந்து, மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றும் 'சேஃப் மோட்' முறையில் அதை எழுப்ப வேண்டும். கிரவுட்ஸ்டிரைக் ஃபோல்டரைத் திறந்து, 291 என்ற எண் கொண்ட ஃபைலை அழிக்க வேண்டும். பிறகு வழக்கம்போல ஸ்டார்ட் செய்யலாம். ஒரு கம்ப்யூட்டருக்குச் சில நிமிட வேலை. ஆயிரக்கணக்கில் இருந்தால்? ஜூலை 29 வரை காத்திருந்த பிறகே, ஃபால்கன் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் சுமார் 99 சதவீதம் திரும்பிவிட்டதாக நிறுவனத்தால் சொல்ல முடிந்தது.

இதிலும் ஒரு முட்டுக்கட்டை. பல அலுவலகங்களில் ஹார்ட் டிஸ்க் 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தது. சேஃப் மோடுக்குப் போனதும் 48 இலக்க எண் கேட்கும். அந்த எண்களைச் சேமித்து வைத்த சர்வரே நீலத் திரையோடு நின்றிருந்தால் நிலைமை பரிதாபம்தான். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை.

இந்தியா ஓரளவு தப்பியது. 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டும் சிறு பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி தெரிவித்தது. அரசின் என்.ஐ.சி. நெட்வொர்க் பாதிக்கப்படவில்லை என்றார் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ்.

ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டரையும் தூரத்திலிருந்தே சரிசெய்யும் வசதியை 2024 நவம்பரில் அறிவித்த மைக்ரோசாஃப்ட், 2025-ல் அதை விண்டோஸ் 11-ல் சேர்த்தது. அதற்கும் இன்டர்நெட் தொடர்பு கிடைத்தாக வேண்டும்.

வீட்டில் ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறிய பிறகு கம்ப்யூட்டர் எழவில்லையென்றால் உடனே ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை. சிலமுறை தொடர்ந்து ஸ்டார்ட் ஆகாவிட்டால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். புதிய அப்டேட்டை நீக்குவதற்கும் சேஃப் மோடுக்கும் அதில் வழி உண்டு. மாறி 10 நாட்களுக்குள் என்றால் பெரும்பாலும் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம்.

ஆனால் அங்கேயும் அந்த 48 எண்களைக் கேட்கக்கூடும். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அது சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. சாவி எண் பொதுவாக அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ செல்போனிலிருந்தோ பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, போட்டோக்களுக்கு வேறு பிரதியும் இல்லையென்றால் உள்ளே இருப்பதை மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

எனவே அப்டேட் பட்டனை அழுத்தும் முன் இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கின்றன: முக்கியமான ஃபைல்களுக்கு வெளியே ஒரு பிரதி, சாவி எண்ணுக்கு ஒரு துண்டுக் காகிதம். அந்த ஜூலை வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றி அனுப்பியதும் காகிதமும் பேனாவும்தானே.