பட்டுப்புடவையும் நியூஸ்பிரிண்டும்

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லாருக்கும் ஒரு படம் கண்ணை மூடிக்கிட்டு வரையத் தெரியும். ரெண்டு முக்கோண மலை. நடுவுல பாதி சூரியன், அதுலேர்ந்து குச்சி குச்சியா கதிர். மலைக்கு நடுவுலேர்ந்து வளைஞ்சு வர்ற ஆறு. ஆத்தோரம் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்துல டிக் மார்க் போட்ட மாதிரி நாலு பறவை. கேமல் கலர் பாக்ஸ்ல பச்சையும் நீலமும்தான் முதல்ல தீரும்.

நான் மதுரைக்காரி. ஸ்கூல் பஸ் ஜன்னல்ல தினமும் யானைமலை தெரியும். அது எந்தப் பக்கம் பார்த்தாலும் முக்கோணமே கிடையாது. பேருக்கேத்த மாதிரி படுத்திருக்கிற யானைதான். பன்னெண்டு வருஷம் அதைப் பார்த்துட்டு, டிராயிங் நோட்டுல மட்டும் விடாம முக்கோணம் போட்டிருக்கேன். மிஸ்ஸும் விடாம 'வெரி குட்' போட்டிருக்காங்க :-)

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா, டெக்ஸாஸ்ல எம்.எஸ். பண்ண வந்த இடத்துல மறுபடியும் தூரிகையைக் கையில எடுத்துட்டேன். முதல் குளிர்கால லீவு. ரூம்மேட்ஸ் எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. டிக்கெட் விலையைப் பார்த்துட்டு நான் மட்டும் அப்பார்ட்மெண்ட்லயே இருந்துட்டேன். பொழுது போகலைன்னு ஒரு பன்னெண்டு கலர் வாட்டர்கலர் டப்பாவும் ரெண்டு பிரஷ்ஷும் வாங்கினேன். பேப்பர் எதுக்குத் தனியா வாங்கணும், பிரிண்டர்ல இருக்கேன்னு ஒரு மிதப்பு.

முதல் மாடல் எங்க வீட்டு குக்கர். ரெண்டாவது தக்காளி. தக்காளிக்கு சிவப்பு வச்சு, அது மேல இன்னொரு தடவை பிரஷ்ஷை ஓட்டினேன். தாள் அப்படியே உரிஞ்சு திரி திரியா வந்துடுச்சு. நடுவுல குழி விழுந்து தண்ணி தேங்கி, காய்ஞ்சதும் அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கிட்டது. எனக்கு வரையத் தெரியலைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். பாதி தப்பு தாள் மேல இருந்தது.

பிரிண்டர் தாள் சதுர மீட்டருக்கு 75, 80 கிராம்தான் இருக்கும். வாட்டர்கலருக்குன்னு செய்யற தாள் சாதாரணமா 300 கிராம். அதுல நல்ல ரகம் முழுக்கப் பருத்தி இழை. அதுக்கு மேல ஜெலட்டின் பூசியிருப்பாங்க. காட்டன் புடவைக்குக் கஞ்சி போடறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலை. அந்தக் கஞ்சி இருக்கறதாலதான் தண்ணி சட்டுனு உள்ள இறங்காம, மேலயே கொஞ்ச நேரம் நிக்குது. அந்தக் கொஞ்ச நேரத்துலதான் ஒரு நிறம் இன்னொரு நிறத்தோட கலக்கும். வாட்டர்கலர்ல வெள்ளைன்னு தனியா ஒண்ணு பூசற வழக்கமும் அவ்வளவா இல்லை. வெளிச்சம் எங்க வேணுமோ அங்க தாளைச் சும்மா விட்டுடணும். தாளோட வெள்ளைதான் படத்தோட வெள்ளை.

இவ்வளவும் படிச்சு முடிச்ச உடனே, ஸ்டைபண்ட் வந்த கையோட ஒரு பருத்தித் தாள் பேட் வாங்கினேன். இருபது தாள், நாற்பது டாலர் சொச்சம். எங்க ஒரு வாரத்து மளிகைக் காசு. பிரிச்சு மோந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன். அப்புறம் பத்திரமா கிளாசெட்ல வச்சேன். 'நல்லா வரைய வந்ததும்' எடுக்கலாம்னு. குக்கரும் தக்காளியும் பிரிண்டர் தாள்லயே தொடர்ந்தது.

இந்த நிலைமையிலதான் ஜார்ஜியா ஓ'கீஃப் உள்ள வர்றாங்க. ஃபோர்ட் வொர்த்ல ஏமன் கார்ட்டர் ம்யூசியம்னு ஒண்ணு இருக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய கலை ஆர்வம் என்ன வேணும்? அங்க ஒரு புத்தகத்துல மூணு படம் பார்த்தேன். 1917-ல் ஓ'கீஃப் வரைந்த 'லைட் கமிங் ஆன் தி ப்ளெய்ன்ஸ்' என்ற வரிசை. கீழே ஒரு தட்டையான தரை. மேலே நீல நீலமா விரியற ஒரு வளைவு. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கற வெளிச்சம். அவ்வளவுதான். மலை இல்லை, குடிசை இல்லை, பறவை இல்லை. படத்துக்குக் கீழே என்ன தாள்னு போட்டிருந்ததைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியூஸ்பிரிண்ட். பேப்பர் அச்சடிக்கற அதே மட்டமான தாள்!

பூவைப் பெரிசு பெரிசா வரைஞ்சவங்கன்னு ஓ'கீஃபைப் பலருக்குத் தெரியும். அதுக்கெல்லாம் முன்னாடி அவங்க டெக்ஸாஸ்ல டீச்சரா இருந்திருக்காங்க. 1912 முதல் 1914 வரை அமரில்லோ பள்ளிகளில். பிறகு 1916 முதல் 1918 வரை பக்கத்திலுள்ள கேன்யன் என்ற சின்ன ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். இன்று அது வெஸ்ட் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். கேன்யன்ல இருந்தப்ப வயசு முப்பதுக்குப் பக்கம். அங்கே ஏறக்குறைய ஐம்பது வாட்டர்கலர் வரைந்திருக்கிறார்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1915-ல், தெற்கு கரோலினாவில் வேலை பார்த்தபோது, தன் படங்களை எல்லாம் எடுத்து வச்சுப் பார்த்திருக்காங்க. இது இந்த வாத்தியார் சொன்ன மாதிரி இருக்கு, அது அந்த வாத்தியார் சொன்ன மாதிரி இருக்குன்னு தோணியிருக்கு. தன்னோடதுன்னு ஒண்ணுமே இல்லை. உடனே கலரை மூட்டை கட்டி வச்சுட்டு வெறும் கரித்துண்டில் ஆரம்பிச்சாங்க. அந்தக் கரி ஓவியங்களை 1916 ஜனவரி முதல் தேதி அவரோட சிநேகிதி நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, அவர் தன்னோட 291 கேலரியில் மாட்டி வச்சது பிரபலமான கதை. எனக்கு அதைவிட அந்த மூட்டை கட்டினதுதான் பிடிச்சது. அவங்களும் தன்னோட முக்கோண மலையைக் கண்டுபிடிச்சிருக்காங்க, இல்லையா?

அந்த மலிவுத் தாளுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஓ'கீஃப் கேன்யன்ல வரைஞ்சதுன்னு சொல்லி 28 வாட்டர்கலர் படங்கள் பிற்காலத்துல கிடைச்சது. 'கேன்யன் ஸூட்'னு பேர் வச்சு, 1993-ல் ஏறக்குறைய ஐம்பது லட்சம் டாலருக்குக் கான்ஸஸ் சிட்டிக்கு வித்தாங்க. 1999-ல் ஓ'கீஃபின் மொத்த ஓவியங்களின் அதிகாரபூர்வப் பட்டியல் வந்தபோது அதில் இந்த 28-ல் ஒண்ணுகூட இல்லை. அதுக்கு ஒரு பெரிய காரணம் தாள். அந்தக் காலத்துல அவங்க கையில இருந்திருக்க முடியாத தாள்கள் அதுல இருந்தன. கடைசியில வாங்கினவங்களுக்குப் பணம் திரும்பி வந்தது. கையெழுத்து, ஸ்டைல் எல்லாத்தையும் ஏமாத்திடலாம். தாள் மட்டும் சாட்சிக் கூண்டுல ஏறி உண்மையைச் சொல்லிடுது.

சரி, என் கதைக்கு வர்றேன். அந்த வெட்டவெளியைப் பார்த்தே ஆகணும்னு மார்ச் லீவுல மூணு பேர் வாடகைக் காரில் கிளம்பினோம். 287-ம் நம்பர் ஹைவேயில விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரஸ், க்ளாரண்டன் தாண்டி அமரில்லோ. போகப் போகத் தரை தட்டையாகிக்கிட்டே வருது. "இங்க பார்க்க என்ன இருக்கு?"ன்னு பின்சீட்டுலேர்ந்து ஒரு நூறு தடவை குரல் வந்திருக்கும். கேன்யன் ஊர்லேர்ந்து கிழக்கே ஒரு பன்னெண்டு மைல் போனா பாலோ டூரோ பள்ளத்தாக்கு. நம்ம கண்ணுக்குக் கடைசி நிமிஷம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தட்டைத் தரை திடீர்னு காலடியில் கிழிஞ்சு, எண்ணூறு அடிக்குக் கீழ சிவப்பா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும். நீளம் ஏறக்குறைய 120 மைல். ரெட் ரிவரின் ஒரு கிளை ஆறு அரிச்சு அரிச்சு உண்டாக்கினது. அடியில் இருக்கற செம்மண் பாறைக்கு 25 கோடி வருஷ வயசு. அதுக்கு நடுவுல ஜிப்சம் வெள்ளை வெள்ளையா ரிப்பன் மாதிரி ஓடுது.

கிளாசெட்ல இருந்த பருத்தித் தாளை இந்த நாளுக்காகத்தான் வச்சிருந்தேன். விளிம்புல உட்கார்ந்து பேடைத் திறந்தேன். கை வரலை. இது ரெண்டு டாலர் தாளாச்சே, கெட்டுப் போனா? பென்சில்ல மெதுவா ஒரு கோடு. அழிச்சேன். இன்னொரு கோடு. அதையும் அழிச்சேன். ஒரு மணி நேரத்துல சூரியன் நகர்ந்து, நான் வரைய நினைச்ச நிழல் வேற இடத்துக்குப் போயிடுச்சு. கூட வந்தவங்க பசிக்குதுன்னாங்க. அஞ்சு அஞ்சரை மணி நேரம் கார்ல போய், பாதி அழிச்ச ஒரு தாளோட திரும்பி வந்தேன். மீதிப் பத்தொன்பதும் மல்லிகைப்பூ மாதிரி அப்படியே இருந்தது.

அந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட ஃபோன்ல புலம்பினேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு, "ஏன்டி, அது பேப்பரா பட்டுப்புடவையா? பீரோவுல வச்சுப் பூட்டறதுக்கு?"ன்னாங்க. அப்புறம், "நான் தினம் வாசல்ல கோலம் போடறேன். பத்து மணிக்கு பால்காரர் சைக்கிள் ஏத்திடுவார், சாயங்காலம் ஒண்ணும் இருக்காது. அதுக்காக என்னிக்காவது யோசிச்சிருக்கேனா? மறுநாள் வேற போடறேன்"ன்னாங்க.

நாற்பது வருஷமா அரிசி மாவுலயும் கோலப்பொடியிலயும் வரையற ஆள். அழியும்னு தெரிஞ்சே போடறதால கை நடுங்கினதே இல்லை. மார்கழியில அவங்க இழுக்கற ஒத்தைக் கம்பியில அழிச்சு எழுதற வேலையே கிடையாது. ஓ'கீஃப் ஏன் நியூஸ்பிரிண்ட்ல வரைஞ்சாங்கன்னு எந்த விமர்சகர் என்ன சொன்னாலும் சரி, எனக்கு விளங்கினது அம்மா சொன்ன இந்த இடத்துலதான்.

அக்டோபர்ல மறுபடி போனேன். டிசம்பர்ல படிப்பு முடியுது, வேலை கிடைச்சிருக்கறது நியூ ஜெர்சியில. இந்த வானத்தைத் திரும்ப எப்பப் பார்ப்பேன்னு தெரியாது. இந்தத் தடவை கையில அம்பது தாள் நியூஸ்பிரிண்ட் பேட். சில டாலர்தான். எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம்: ஒரு தாளுக்குப் பத்து நிமிஷம், பென்சில் கூடாது, ரப்பர் கூடவே கூடாது.

முதல் மூணும் குப்பை. நாலாவதுல பாறையோட மேல்விளிம்பு கூராவே இல்லை, அரிவாள்மனையில நறுக்கின மாதிரி தட்டைன்னு கண்ணுல பட்டது. ஆறாவதுல நிழல் கறுப்பு இல்லை, கத்திரிப்பூ நிறம்னு தெரிஞ்சது. அங்க காத்து அவ்வளவு வறட்சி, நிறம் பரவறதுக்குள்ள காய்ஞ்சுடும். வீட்டுல எடுக்கறதைவிடத் தண்ணி அதிகமா எடுக்கணும்னு எட்டாவதுல கத்துக்கிட்டேன். தாள் நெளிஞ்சது, பள்ளத்துல தண்ணி தேங்கினது. போனாப் போகுதுன்னு அடுத்ததைத் திருப்பினேன்.

பதினாலாவது தாள்ல ஒரு சிக்கல் வந்தது. அந்த ஜிப்சம் ரிப்பன் வெயில் பட்டுக் கண்ணைக் கூசுது. என் தாளோ அழுக்கு வேட்டி நிறம். தாளைச் சும்மா விட்டா வெள்ளை வரணுமே, வரலை. அப்பதான் பையைத் திறந்து பருத்தித் தாளை எடுத்தேன். 'நல்லா வரைய வந்துடுச்சு'ன்னு இல்லை. அந்த வெள்ளை வேணும்னு. எது வேணும்னு தெரிஞ்சு எடுத்ததால பயம் ஞாபகத்துக்கே வரலை. இருபது நிமிஷத்துல முடிஞ்சது. வானத்து நீலம் இறங்கி வந்து ஒரு மூலையில செம்மண்ணோட கலந்து சேறாயிடுச்சு. ஆனா அந்த ரிப்பன் மட்டும் வெள்ளையா, வெயிலோட நிக்குது.

ராத்திரி அம்மாவுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். "கோலத்துல தண்ணி கொட்டின மாதிரி இருக்கு"ன்னாங்க முதல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "இது என்னடி மலை, உச்சியே இல்லாம இருக்கு? நீ சின்னதுல முக்கோணமா போடுவியே"ன்னாங்க.

இந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய 'வெரி குட்' எனக்கு வேண்டாம்.

பி.கு: நியூஸ்பிரிண்ட் வெளிச்சம் பட்டா மஞ்சளாகிப் பொடிஞ்சு போகும். அதனால பிடிச்சதை ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. மிச்சமிருக்கற பதினெட்டு பருத்தித் தாளோட நியூ ஜெர்சிக்குப் போறேன். அங்க பனி கொட்டுமாம். வெள்ளைக்குப் பஞ்சமே இருக்காது.