சொந்த வீடும் குடிக்கூலி வீடும்

வியாபாரம் மந்தப்பட்டு, வேலைகள் சுருங்கி, வீடு வாங்குவார் அருகிவிடும் காலங்களில், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தார் பலர்க்கு ஓர் எண்ணம் தோன்றுவது இயல்பு. "விலை தணிந்திருக்கிறது, வட்டியும் தணிந்திருக்கிறது, பிறருக்குக் கொடுக்கும் குடிக்கூலியையே தவணையாகக் கட்டிவந்தால் வீடு நமதாகுமன்றோ?" என்பதே அது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. 2020–21-ஆம் ஆண்டில் தேசத்தின் மொத்த உற்பத்தி ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு குறைந்தது. ரிசர்வ் பாங்கி 2020 மே மாதத்தில் தன் ரெப்போ வட்டியை நூற்றுக்கு 4 ஆகத் தாழ்த்தவே, வீட்டுக்கடன் வட்டியும் 7-ஐ ஒட்டி இறங்கிற்று. அக்காலத்துச் சென்னையை உதாரணமாகக் கொண்டு இவ்வெண்ணத்தின் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தில் உறவினர் கூறும் விடையும், கட்டட வியாபாரி கூறும் விடையும், பாங்கியார் கூறும் விடையும் ஒன்றே, "வாங்குக" என்பது. பின்னிருவர்க்கும் அதனால் ஆதாயம் உண்டு. உறவினர்க்கு ஆதாயம் இல்லையாயினும், சொந்த வீடில்லாதவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கம் நம்மவரிடை இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆதலின், நாமே தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

2020-இன் நடுவில் சென்னையின் புறப்பகுதியொன்றில் 60 லட்சம் ரூபாய் கிரயம் சொல்லப்பட்ட ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்க. நம் பெருநகரங்களில் ஓராண்டுக் குடிக்கூலி, வீட்டு விலையில் நூற்றுக்கு 3 என்னும் அளவை ஒட்டியே பெரும்பாலும் நிற்பது. ஆகவே அவ்வீட்டை மாதம் 17,000 ரூபாய்க்குக் குடிக்கூலியாகப் பெறலாமென்று கொள்வோம். வாங்குவதாயின், 45 லட்சம் கடன். 15 லட்சம் கைப்பணம். இவற்றோடு, அந்நாளில் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7-ம், பதிவுக் கட்டணம் 4-மாக, 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் சர்க்காருக்குச் செலுத்தல் வேண்டும். (2023-இல் பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைக்கப்பட்டது, ஆனால் அதனுடனே வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டமையால், குறைந்தது எவ்வளவு என்பதை அவரவர் தெருவைப் பார்த்தே சொல்லவேண்டும்.)

நூற்றுக்கு 7 வட்டியில் இருபதாண்டுக்கு மாதத் தவணை 34,888 ரூபாய். இது குடிக்கூலியின் இருமடங்கு என்று கண்டவுடனே பலர் மலைப்பர். அவ்வாறு ஒப்பிடுதல் பிழை; தவணையில் ஒரு பகுதி முதலுக்குச் செல்வதால் அது செலவன்று, சேமிப்பு. முதல் மாதத்தில் வட்டி 26,250 ரூபாய், அதுவே செலவு. அதனோடு, கையிலிருந்து போன 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் பாங்கியில் நூற்றுக்கு 5 வீதம் ஈட்டியிருக்கக்கூடிய 9,000 ரூபாயையும், சொத்துவரி, வெள்ளையடித்தல், மோட்டார் பழுது ஆகியவற்றுக்கு ஒரு 3,000 ரூபாயையும் கூட்டுக. ஆக 38,250 ரூபாய். குடிக்கூலி 17,000 போக, மாதம் 21,250 ரூபாய், அஃதாவது ஆண்டுக்கு 2 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய், சொந்த வீட்டுக்காரன் மிகுதியாகக் கொடுக்கிறான். வருமான வரிச் சலுகை இவ்வித்தியாசத்தைச் சிறிது குறைக்கும், ஒழிக்காது.

இவ்வித்தியாசம் ஈடாக வேண்டுமாயின் வீட்டின் விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு நாலேகால் வீதம் உயர்தல் வேண்டும். பத்திரச் செலவாகப் போன 11 பங்கும் அதனுடன் மீளவேண்டும். பத்தாண்டு குடியிருப்பவன் அதனை ஆண்டுக்கு ஒன்று என்று பரப்பிக்கொள்வான். மூன்றாண்டில் மாற்றலாகிச் செல்பவனுக்கோ அதுவே ஆண்டுக்கு மூன்றே முக்காலாகும். ஒருவனுக்கு 5 உயர்ந்தால் போதும். மற்றவனுக்கு 8 வேண்டும். மந்தகாலத்தில் எந்த வீடு ஆண்டுக்கு 8 பங்கு உயரும்? அன்றியும் குடிக்கூலி ஆண்டுதோறும் ஏறும், வட்டியோ முதல் தேயத் தேய இறங்கும் என்பதையும் மறத்தலாகாது. அந்த அனுகூலம் நெடுங்காலம் குடியிருப்பவனுக்கே வாய்ப்பது. எனவே, "எத்தனை ஆண்டு இங்கே இருப்பேன்?" என்னும் கேள்வி, "விலை இன்னும் இறங்குமா?" என்னும் கேள்வியினும் முக்கியமானது.

நிற்க. விலை வீழ்ச்சி யாரைக் கெடுக்கிறது என்பதையும் தெளிந்து கொள்ளவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006-இல் உச்சத்தில் நின்ற வீட்டு விலை, 2012-இன் தொடக்கத்திற்குள் தேச சராசரியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது; லாஸ் வேகாஸ் நகரில் பாதிக்கு மேல் வீழ்ந்தது. அக்காலத்தும், வேலை நிலைத்து, தவணை தவறாது கட்டி, வாங்கிய வீட்டிலேயே வாழ்ந்தவர்க்கு நேர்ந்த கேடு பெரிதன்று. 2016-இன் இறுதியில் தேச சராசரி பழைய உச்சத்தை எட்டிவிட்டது. கெட்டவர் யாரெனில், அவ்விடைக்காலத்தில் விற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவரே. 2009 அக்டோபரில் அந்நாட்டில் வேலையற்றோர் நூற்றுக்கு 10 பேர். வேலையிழந்தவனுக்கு வேறு மாகாணத்தில் வேலை கிடைப்பினும், வீட்டை விற்றாலும் கடன் தீராதாகையால் எளிதிற் பெயர்ந்து செல்ல இயலவில்லை. குடிக்கூலிக்காரனோ ஒரு மாத அறிவிப்பிலோ இரண்டு மாத அறிவிப்பிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். விலையைத் தாழ்த்திய அதே மந்தம் சம்பளத்தையும் தாழ்த்த வல்லது. மலிவு கண்டு வாங்குபவன் பெரும்பாலும் மறப்பது இதனையே.

நம் ஊர்களில் இன்னுமொரு சங்கடம் உண்டு. இங்கே மந்தகாலத்தில் விலை வெளிப்படையாக வீழ்வதில்லை, விற்பனைதான் நின்றுவிடுகிறது. தந்தை கட்டிய வீட்டைக் குறைத்துக் கொடுக்க மனமில்லாத உடையவர், ஆண்டுகள் கழியினும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே, சொல்லப்படும் விலை விலையன்று, விருப்பம். அந்தத் தெருவில் கடைசியாகப் பதிவான கிரயம் எது என்பதே விலை. வாங்குபவனுக்கு இது பேரம் பேச இடம் தருவது. ஆனால் அவனே பின்னொருநாள் அவசரமாக விற்க நேர்ந்தால், வாங்குவார் வரும்வரை தவணையைக் கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டியவனும் அவனே.

வட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் மந்தகாலத்து வட்டி மந்தகாலத்தோடு போய்விடுவது. அமெரிக்காவில் பெரும்பாலோர் வாங்கும் வீட்டுக்கடன் முப்பதாண்டுக்கும் ஒரே வட்டியுடையது. நம் தேசத்திலோ பெரும்பான்மையான வீட்டுக்கடன் மாறும் வட்டியுடையது. 2019 அக்டோபர் முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ முதலிய வெளியளவையோடு பிணைக்கப்பட்டுள்ளன. ரெப்போ வட்டி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4-இலிருந்து 6½ ஆக ஏறிற்று. மேற்சொன்ன கடன்காரன் ஈராண்டு தவறாது கட்டி, 42 லட்சத்து 78 ஆயிரம் பாக்கியோடு நிற்கும்போது வட்டி 7-இலிருந்து 9½ ஆயிற்றென்க. அப்பொழுது ஒரு மாத வட்டி மட்டுமே 33,868 ரூபாய். தவணையை உயர்த்தாது விட்டால், 34,888-இல் முதலுக்குச் செல்வது ஆயிரத்துச் சொச்சமே. பதினெட்டாண்டில் தீரவேண்டிய கடன் முப்பத்தேழு ஆண்டுக்கு நீளும்! குறித்த காலத்திலேயே தீர்க்க வேண்டுமாயின் தவணை ஏறக்குறைய 41,400 ஆகவேண்டும். 2025-இல் ரெப்போ மீண்டும் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் மாதம் ஆறாயிரத்தைந்நூறு எங்கிருந்து வரும் என்று முன்னரே எண்ணாதவர் இன்னலுற்றனர். வாங்கும்பொழுதே, இன்றைய வட்டியோடு இரண்டரையைக் கூட்டித் தவணை கணக்கிட்டு, அதுவும் சம்பளத்தில் அடங்குமா என்று பார்த்தல் வேண்டும். மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனி மனிதர் முன்கூட்டியே தீர்த்தால் பாங்கி அபராதம் வாங்கலாகாது என்பது ஒரு சிறு ஆறுதல்.

இடர் வந்தால் சர்க்கார் தவணையை ஒத்திவைக்கும் என்று நம்புவாரும் உளர். 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத்திற்கு அவ்வாறு ஒத்திவைக்க ரிசர்வ் பாங்கி இடங்கொடுத்தது. ஆனால் ஒத்திவைக்கப்பட்டது தவணையேயன்றி வட்டியன்று. மேற்படி கடன் புதிதாயிருக்கும்போது ஆறு தவணையை நிறுத்தி, சேர்ந்த வட்டியை முதலோடு கூட்டித் தவணையை மாற்றாது விட்டால், 240 தவணைக்குமேல் ஏறக்குறைய 19 தவணை மிகுதியாகக் கட்டவேண்டி வரும். ஆதலின், ஓராண்டுத் தவணைக்குப் போதுமான பணத்தைப் பத்திரச் செலவும் போகத் தனியே வைத்திருப்பவனே மந்தகாலத்தில் வீடு வாங்கத் தக்கவன். கையிலுள்ளதையெல்லாம் துடைத்து முன்பணமாகக் கொடுப்பவன், மலிவான வீட்டையும் விலைமிகுந்த வீடாக்கிக் கொள்கிறான்.

இனி, குடிக்கூலியே போதுமென்று துணிந்தவர் மந்தகாலத்தின் பயனைத் தாமும் பெறலாம். 2020-இல் கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பணித்தமையால், பழைய மகாபலிபுரம் சாலையைச் சார்ந்த பகுதிகளில் குடியிருந்த பலர் வீட்டைக் காலிசெய்து சொந்த ஊர் திரும்பினர். வீட்டுக்காரர் இறங்கிவரும் காலம் அது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடிக்கூலிச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது; உடன்படிக்கையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். பத்து மாத முன்பணம் என்னும் சென்னை வழக்கத்தைச் சட்டம் முற்றும் அசைத்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும் பேசிப் பார்க்க அஃதொரு பிடி.

போக்கியத்திற்கு மட்டும் மந்தகாலத்தில் விரைந்து செல்லலாகாது. பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலமுடிவில் தொகையைத் திரும்பப் பெறுவது அழகிய ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் பணமுடையின்றி எந்த வீட்டுக்காரன் போக்கியத்திற்கு விடுவான்? அவ்வீடு முன்னரே பாங்கியில் அடைமானம் வைக்கப்பட்டிருந்து, தவணை தவறுமாயின், 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாங்கி வழக்குத் தொடராமலே அதனை ஏலமிடலாம். அப்பொழுது பதிவு செய்யாத வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கும் போக்கியக்காரன், வீட்டையும் இழந்து பணத்தையும் தேடி அலைவான்.

ஆசிரியர்கள் பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். கல்லூரி வளாகத்து இல்லங்களிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஓய்வுபெறும் நாளில் எங்குச் செல்வதென்று திகைப்பவர் நம்மிடை உண்டு. இவர்க்குக் கணக்கு வேறு. இனி மாற்றலில்லை, வேலையிழக்கும் அச்சமும் இல்லை, சேமநிதி ஒருசேரக் கைக்கு வருவதால் கடனும் வேண்டுவதில்லை. வெறுங் கணக்கின்படி பார்த்தால், தொகையைப் பாங்கியிலிட்டு, அவ்வட்டியில் குடிக்கூலி கொடுப்பதே இவர்க்கும் சிறிது லாபமாகத் தோன்றும். ஆயினும் எழுபது வயதில் "மகனுக்குத் திருமணம், வீட்டைக் காலிசெய்து கொடுங்கள்" என்று வீட்டுக்காரர் வந்து நிற்பதற்கு எக்கணக்கிலும் விலையிட இயலாது. ஆகவே மந்தகாலம் இவர்க்கே உரிய பருவம் என்பது என் கருத்து. பணமுடையுள்ள விற்பவனும், ரொக்கமுள்ள வாங்குபவனும் சந்திக்கும்போதே பேரம் படியும். கட்டி முடிந்து, முடிவுச் சான்றும் பெற்ற வீடாயின் சரக்கு சேவை வரியும் இல்லை. பாதியில் நிற்கும் கட்டடத்தை நம்பிக் காத்திருக்க இவர்க்கு ஆண்டுகளும் இல்லை. முப்பதாண்டு வில்லங்கச் சான்றை வக்கீலிடம் காட்டிய பின்னர், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தெருவில் நீர் எந்தப் படிவரை ஏறிற்று என்பதை விற்பவரிடமன்றி எதிர்வீட்டாரிடம் கேட்டறிந்துகொள்வாராக.