தங்கத் தோட்டாவின் அரசியல்

1966-இல் திரைக்கதையாசிரியர் பிராங்கோ சோலினாஸ் பங்களித்த இரண்டு படங்கள் இத்தாலியில் வெளியாயின. ஒன்று, உலகமே கொண்டாடிய ‘த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’. இன்னொன்று, டாமியானோ டாமியானி இயக்கிய ‘எ புல்லட் ஃபார் த ஜெனரல்’. இந்த இரண்டாவது படத்தில், சால்வடோரே லவுரானியின் கதைக்குத் திரைவடிவமும் வசனமும் தந்தவர் சோலினாஸ். வெறும் துப்பாக்கிச் சண்டைப் படம் என்று பலர் இதை ஒதுக்கிவிட்டார்கள். பெரிய அநியாயம் அது.

களம் மெக்சிகோ புரட்சி. சுஞ்சோ என்ற கொள்ளைக்காரன் அரசுப் படையின் ஆயுதங்களைப் பறித்து, புரட்சித் தளபதி எலியாஸுக்கு விற்கிறான். ரயில் கொள்ளையின்போது, கைதிபோல நடித்து அவனது கும்பலில் சேர்கிறான் பில் டேட் என்ற அமெரிக்க இளைஞன். எல்லாரும் அவனைச் செல்லமாக ‘நின்யோ’ என்கிறார்கள். அவன் பையில் இருப்பது ஒரே ஒரு தங்கத் தோட்டா. தளபதியைக் கொல்ல அரசு அமர்த்திய கூலிக்கொலையாளி அவன்.

சான் மிகுவெல் என்ற ஊர் பண்ணையாரிடமிருந்து விடுபடுகிறது. மக்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தர சுஞ்சோ அங்கே தங்குகிறான். ஆனால் கும்பல் கிளம்பியதும் மனம் தாளாமல் பின்னாலேயே போய்விடுகிறான். பாதுகாப்பற்ற அந்த மக்களை அரசுப் படை கொன்று குவிக்கிறது. அதைத் தளபதியின் வாயால் கேட்டதும் சாவுதான் தனக்குத் தகுந்த தண்டனை என்று சுஞ்சோ தானே ஏற்றுக்கொள்ளும் இடம் என்னை உலுக்கியது. அந்த நேரத்தில் சுஞ்சோவாக நடித்த ஜான் மரியா வொலொன்டேயின் முகத்தில் வீரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இத்தாலிய வெஸ்டர்ன் இயக்குநர் லியோனேயின் முதல் இரண்டு ‘டாலர்’ படங்களில் வில்லனாக வந்தவர், நிஜ வாழ்வில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர்.

நின்யோவும் சாதாரண வில்லன் இல்லை. தளபதியைக் கொன்றவன், சாவிலிருந்து சுஞ்சோவைக் காப்பாற்றி, கூலியில் பாதியை நேர்மையாகப் பங்கு தருகிறான். அந்த நட்பு உண்மையானது. ஆனால் ரயில் நிலையத்தில், வரிசையில் காத்திருக்கும் ஏழை மெக்சிகர்களை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சீட்டு வாங்கப் போகிறான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சுஞ்சோ நண்பனையே சுட்டுக் கொல்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கொள்கை விளக்கம் ஏதுமின்றி, அவமானத்தை உணர்ந்த ஒரு மனிதன் புரட்சிக்காரனாகும் கணத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதற்குப்பின் ‘த மெர்சினரி’, ‘டெபேபா’ என மெக்சிகோ புரட்சியைப் பேசும் இத்தாலிய வெஸ்டர்ன்கள் வரிசையாக வந்தன. அவ்விரண்டிலும் சோலினாஸின் பங்கு உண்டு. லியோனேயைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து டாமியானியின் இந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.