பூஸ்டரைக் கழற்றி மாட்டிய பின் பிரேக் தொல்லையா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, மாங்காடு பலாப்பழமும், கீரமங்கலத்துப் பூவும், கோட்டைப்பட்டினத்து மீனும் சிறிய சரக்கு வண்டிகளில் சந்தைக்குப் போகின்றன. பழைய வண்டியை வாங்கித் தாமே ஓட்டும் விவசாயிகளும் உண்டு. பம்புசெட்டைத் தாமே கழற்றி மாட்டிப் பழகியவர்கள், செலவை மிச்சப்படுத்த எண்ணிப் பிரேக் பூஸ்டரிலும் கை வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் பெடல் கல்லாக இறுகுகிறது, அல்லது அடிவரை போய்விடுகிறது. இந்த நிலையில் சரக்கு ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. குறை எங்கே என்பதை வண்டி நிற்கும் இடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

பூஸ்டரின் வேலை

பூஸ்டர் என்பது காலுக்குத் துணை செய்யும் கருவி. தகர உறைக்குள் ரப்பர் டயாபிரம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துக் காற்றை வேக்குவம் பம்பு உறிஞ்சிவிடும். பெடலை மிதித்ததும் மறுபக்கத்தில் வெளிக்காற்று புகுந்து டயாபிரத்தைத் தள்ளும். 20 செ.மீ. குறுக்களவுள்ள டயாபிரத்தின் மீது இப்படிச் சுமார் 200 கிலோ அழுத்தம் விழும். இந்தத் துணை இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். ஆனால் பல மடங்கு பலத்துடன் மிதிக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி குறித்த இடத்தில் நிற்காது.

மூன்று சோதனைகள்

சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து இவற்றைச் செய்ய வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதிக்கவும். பெடல் இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினை ஓட்டினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டரே கெட்டிருக்கிறது.

2. எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு மிதிக்கவும். முதல் மிதியில் பெடல் ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிகளில் மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியிலேயே இறுகினால் வேக்குவம் எங்கோ கசிகிறது.

3. எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தபடியே எஞ்சினை நிறுத்தி, அரை நிமிடம் பொறுக்கவும். பெடல் அசையக் கூடாது. மேலே எழும்பினால் பூஸ்டரில் கசிவு. கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ குறை.

பெடல் இறுகினால்

முதலில் வேக்குவம் ஓசைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, மடிப்பு, தளர்ந்த கிளிப் ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஓசில் உள்ள ஒருவழி வால்வு, கிணற்றுக் குழாயின் புட்வால்வு போன்றது. திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. பல டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. பெல்ட் தளர்ந்தாலோ அறுந்தாலோ பாட்டரி சார்ஜுடன் பிரேக்கின் துணையும் போய்விடும்.

பெடல் பஞ்சாக இருந்தால்

மாஸ்டர் சிலிண்டரின் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் பம்புசெட் தண்ணீர் எடுக்காதது போல, பிரேக் குழாயில் காற்றிருந்தால் அழுத்தம் சக்கரத்துக்குச் சேராது. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து மூடிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். எண்ணெய் டப்பா வற்ற விடக் கூடாது.

டப்பா மூடியில் குறித்த தரத்துப் பிரேக் ஆயிலையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் கப்புகள் உப்பிவிடும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவதும் தவறு. திறந்து நாளான டின்னில் உள்ள ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், பயன்படுத்தக் கூடாது.

சக்கரம் சூடேறினால்

பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உள்ள தள்ளுகம்பி நீளமாக இருந்தால், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. சிறிது தூரம் ஓடியதும் சக்கரம் சுடும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். சக்கரம் பிடித்திருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் இரு நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினால் சக்கரம் விடுபடுகிறதா என்று பார்க்கவும். விடுபட்டால் கம்பி நீளம் என்று பொருள். கம்பி குட்டையாக இருந்தால் பெடல் அதிக ஆழம் போகும். புதுப் பூஸ்டர் மாட்டும்போது இந்த அளவைச் சரிபார்க்காமல் விடுவதே பெரிய தவறு.

பழைய நோய் தீர்ந்ததா?

சக்கரத்தில் கசிவே இல்லாமல் பிரேக் ஆயில் குறைகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் பின் ரப்பர் தேய்ந்து, ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி டயாபிரத்தைக் கெடுத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மாட்டிய புதுப் பூஸ்டரும் சில காலத்தில் கெடும். ஓசுக்குள் எஞ்சின் ஆயில் தெரிந்தால் வேக்குவம் பம்பைப் பார்க்க வேண்டும். மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புநீர் பட்டுப் பூஸ்டர் உறையே துருப்பிடித்து ஓட்டை விழுவதுண்டு.

எது வீட்டு வேலை?

ஓஸ், கிளிப், பெல்ட் பார்ப்பதும், மேற்சொன்ன சோதனைகளும் வீட்டில் செய்யத்தக்கவை. பூஸ்டர் உறையைப் பிரிப்பதும் கம்பி அளவை வைப்பதும் மெக்கானிக்கின் வேலை. காற்றுத் தொட்டி உள்ள பெரிய லாரிகளின் பிரேக் அமைப்பு வேறு. அவற்றின் ஸ்பிரிங் சேம்பரைத் திறந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தெறித்து ஆளையே கொல்லும்.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். நிறுத்திய பின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் துணைக்கு வராது.

பழுது பார்த்த வண்டியை முதலில் பாரமின்றி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்கவும். சோதனையில் ஐயம் இருந்தால் சந்தைக்கு வேறு வண்டி பிடிப்பதே நல்லது. அன்றைய வாடகை நட்டமானாலும், வண்டியில் ஏறும் கூலியாட்களும் எதிரே வருபவர்களும் வீடு திரும்புவார்கள்.